மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் மின்னஞ்சல் செஸ்

4.8.2025, திங்கள்

பழனிசெட்டிபட்டியில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்ததே நான்தான். பட்டாவுக்கு, பென்ஷனுக்கு, பிள்ளையின் காலேஜுக்கு. அதன்பிறகு ஒருவரும் அதைத் திறந்ததில்லை. பாஸ்வேர்டையும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் மின்னஞ்சல் செஸ்ஸுக்கு அணி சேர்க்கக் கிளம்பியிருக்கிறேன். அனுசுயா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?

ஆசை விடவில்லை. பல வருடமாகக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போலந்துக்காரர் ஒருவரோடும் அர்ஜென்டினாக்காரி ஒருத்தியோடும் மெயிலில் ஆடுகிறேன். ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம். யோசித்து, எழுதி, அனுப்பிவிட்டுக் குழம்பு வைக்கப் போகலாம். இந்த வருடம் முதன்முதலாக மாவட்ட அணிகளுக்குப் போட்டி. ஐந்து பேர் சேர்ந்தால் பட்டியலில் தேனி என்று வரும். கேப்டன் நான். முதல் ஆட்டக்காரியாக முதல் பலகையிலும் நான். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

போட்டி நடத்தும் சங்கத்தின் நடுவர் நாகராஜ், கோயம்புத்தூர்க்காரர். போனில் சிரித்தார். "தேனிலயா? ஏலக்காய் ஏலத்துக்கு ஆள் கிடைக்கும் மேடம். இதுக்குக் கிடைக்குமா?" நான்கு புது ஆட்களைப் பிடித்து, ஆளுக்கு ஒரு பயிற்சி ஆட்டத்தை அக்டோபர் பத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டுமாம். காட்டுகிறேன், இருங்கள்.

8.8.2025

இரண்டு பேர் சிக்கினார்கள். ஓடைப்பட்டி கஸ்தூரியம்மாள், ரிட்டயர் ஆன தையல் டீச்சர். உத்தமபாளையம் ராஜா முகம்மது, ஏலக்காய் வியாபாரி. இருவருக்கும் நேரில் ஆடத் தெரியும். மெயில்தான் புரியவில்லை.

"எதிராளி எப்ப வந்து ஒக்காருவாக?" என்றார் டீச்சர்.

"வர மாட்டாக டீச்சர். அவுக வீட்டுல அவுக, நம்ம வீட்டுல நாம."

"அப்பறம் யாரப் பாத்துப் பயப்புடுறது?"

நியாயமான கேள்வி. அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப போர்ட அடுப்படியிலயே வச்சுக்கிறலாம்ல?" என்று முடித்தார். வைத்துக்கொள்ளலாம். என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது, மிக்ஸிக்குப் பக்கத்தில்.

14.8.2025

மிச்சம் இரண்டு பேர். தேடி அலுத்து, கடைசியில் வீட்டு ஆட்களிடமே போய் நின்றேன். ஒன்று என் வீட்டுக்காரர் கர்ணன், மில்லில் ஸ்டோர் கீப்பர். இன்னொன்று என் தம்பி முத்துராஜா, சின்னமனூரில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறான். இருவரும் நன்றாக ஆடுவார்கள். ஒருகாலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டு ஹாலில் இதே வேலைதான்.

இப்போது பேச்சுவார்த்தை இல்லை. நாலு வருடமாக. காரணத்தை எழுதக் கை கூசுகிறது. தம்பி வீட்டுக் கிரகப்பிரவேச ஃப்ளெக்ஸில் இவர் போட்டோவைக் கீழ் வரிசையில், பந்தல் காண்ட்ராக்டர் போன் நம்பருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். இவர் பந்தியிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறிவிட்டார். அதிலிருந்து அவன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் மட்டும் போவேன். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன், ஏதோ திருடப் போனவள் மாதிரி. என் கையால் அவனுக்குச் சோறு போட்டு நாலு வருடம் ஆகிறது. இதை யாரிடம் சொல்லி அழ?

ஒருத்தர் சேர்ந்ததை இன்னொருத்தரிடம் சொல்லவில்லை. இருவரும் சம்மதித்துவிட்டார்கள்.

21.8.2025

நாகராஜ் சார் சீட்டுக் குலுக்கி ஜோடி போட்டு அனுப்பியிருக்கிறார்.

கஸ்தூரியம்மாள் – ராஜா முகம்மது.
கர்ணன் – முத்துராஜா.

கடவுளுக்கும் பொழுது போகவில்லை போல.

22.8.2025

"அவனுக்கு நான் மெயில் போடணுமா? என் வெரல் போகாது" என்றார் இவர்.

"அந்தாளு பேரு என் போன்ல வந்தா போனையே வித்துப்புடுவேன்க்கா" என்றான் அவன்.

ஆனால் இருவரும் விலகவில்லை, கவனிக்க. விலகினால் பயந்துவிட்டதாக ஆகிவிடுமாம். நாகராஜ் சாரிடம் கெஞ்சினேன். நகர்வு என்னிடம் வரட்டும், நான் அனுப்புகிறேன் என்று. சரி என்றார். "வந்தது வந்தபடி போகணும் மேடம். எனக்கும் ஒரு காப்பி."

இவர் ஹாலில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியில் இருக்கும் எனக்கு மெயில் அனுப்புகிறார். நான் அதைச் சின்னமனூருக்கு அனுப்புகிறேன். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது.

1.9.2025

ராஜா முகம்மது ஒவ்வொரு நகர்வுக்கும் கீழே "டிரா பண்ணிக்கிறலாமா டீச்சர்?" என்று கேட்கிறார். முதல் நகர்விலேயே கேட்டார். கேட்டு வைப்பதில் என்ன நஷ்டம் என்கிறார். டீச்சரோ ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாம் தள்ளி, மிச்சமிருக்கும் நேரத்தில் பதில் போடுகிறார். ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் டிராவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்தது. பலகையில் ஒரு காயும் வெட்டுப்படவில்லை.

5.9.2025

நம் வீட்டு ஆட்டம் வேறு ரகம். மூன்று நாள் அவகாசம் இருக்க, மூன்று மணி நேரத்தில் பதில் வருகிறது. கூடவே வால்.

இவர்: "குதிரை எஃப்3. வாழைத்தாரைத் தோளில் தூக்குறதும் செஸ்ஸும் ஒண்ணு இல்லைன்னு சொல்."

அவன்: "பிஷப் ஜி4. மில்லுல நட்டு போல்ட்டு எண்ணுற ஆளுக்கு இதெல்லாம் புரியுமா?"

வாலை வெட்டிவிட்டு நகர்வை மட்டும் அனுப்பினேன். வந்தது வந்தபடி என்றால் இந்த வீட்டில் வெட்டுக்குத்துதான் வரும். சாக்கடை அடைப்பை எடுப்பது குற்றமா?

13.9.2025

இன்று வெட்டியதோடு நிற்கவில்லை. தம்பியின் நகர்வுக்குக் கீழே, "மச்சானின் போன நகர்வு அருமை" என்று ஒரு வரி நானே எழுதி அனுப்பிவிட்டேன். கை தானாகப் போயிற்று. இல்லை, பொய். யோசித்துத்தான் எழுதினேன்.

இவர் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "பயலுக்கு இப்பத்தான் ஆட்டம் புரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார். அப்புறம் அன்றைக்கு முழுக்க என்னிடமே மரியாதையாகப் பேசினார்.

18.9.2025

அந்தப் பக்கமும் சேர்த்தேன். "மாப்பிள்ளை யானையைக் கொண்டுவந்த விதம் பழைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைவூட்டியது." கொஞ்சம் அதிகம்தான். எங்கள் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்கடை வரிசை மட்டும்தான் நினைவுக்கு வரும். தம்பி போனில் கேட்டான்: "என்னக்கா, அந்தாளு உடம்புக்கு நல்லாத்தான இருக்காரு?"

'அந்தாளு'தான், ஆனால் 'இருக்காரு' என்று மரியாதைக்கு ஒரு 'ரு' சேர்ந்துவிட்டது. இன்று எனக்குப் பண்டிகை.

28.9.2025

பெரிய வேலை செய்துவிட்டேன்.

தம்பி பெயரில்: "அன்றைக்கு ஃப்ளெக்ஸில் நடந்தது என் கவனக்குறைவு, மச்சான். மன்னிக்கவும்."

இவர் பெயரில்: "பந்தியில் எழுந்து வந்தது என் அவசரம், மாப்பிள்ளை. மன்னிக்கவும்."

இரண்டையும் ஒரே நாளில் அனுப்பினேன். இவர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, "கடைசில வந்து விழுந்தான்ல?" என்றார். தம்பி பெண்டாட்டி நாகஜோதி போன் போட்டு, "மதினி, அண்ணே மன்னிப்புக் கேட்டாகளாம்ல? இவுகளுக்கு இன்னிக்கித் தரையில கால் பாவல" என்றாள். இருவரும் ஜெயித்துவிட்டார்கள். இப்படி ஒரு முடிவை எந்தப் பலகையில் பார்த்திருக்கிறேன்?

ஆனால் ஜெயித்தவன் போய்த் தோற்றவனைப் பார்க்க மாட்டானாம். தோற்றவன்தான் வர வேண்டுமாம். இருவரும் காத்திருக்கிறார்கள்.

8.10.2025

ஆட்டம் போன வாரமே டிராவில் முடிந்தது. இன்று பட்டியல் வந்தது. தேனி. அதற்குக் கீழே, பலகை ஒன்று: அனுசுயா கர்ணன், கேப்டன். கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷனும் போட்டேன். ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. நானே இரண்டு பேரை நிறுத்திக் காட்டினேன்.

11.10.2025, சனி

ஐயோ.

நாகராஜ் சார் 'நற்பண்புப் பாராட்டு' என்று ஒன்று கொடுத்திருக்கிறார். புது ஆட்டக்காரர்களுக்கு முன்மாதிரியாம், இரண்டு தேனிக்காரர்கள். ஆட்டம் முழுக்க நடந்த கடிதப் போக்குவரத்தை, மன்னிப்பு உட்பட, சங்கத்து மெயில் செய்தியில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். இவர்கள் இருவருக்கும் தனித்தனியே ஒரு பிரதி.

நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலில் இவர் போன் அடித்தது. நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த நம்பரிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், நான் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனா?"

"நீ கேட்டதுதான்டா போட்டிருக்கு. நான் கேட்டதா வேற போட்டிருக்கு! நான் எதுக்குடா கேக்குறேன்?"

"நானும் கேக்கலயே!"

"பழைய ஞாயித்துக்கெழமையாமே... நான் இப்பிடியா பேசுவேன்?"

அப்புறம் இரண்டு குரலும் ஒன்றாக:

"அக்கா!"

"அனுசுயா!"

கேஸை அணைத்தேன். வேறு என்ன செய்வது?

12.10.2025, ஞாயிறு

காலையிலேயே பைக் சத்தம். தம்பி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமலே உள்ளே போனான். பின்னால் நாகஜோதி ஒரு வாழைத்தாரோடு.

வந்தது என்னைப் பார்க்க இல்லை. நாகராஜ் சாருக்கு என்மேல் புகார் எழுத.

இருவரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். "போடுங்க மச்சான், 'நாங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு கேட்கவில்லை'ன்னு." "இனிமேலும் கேட்க மாட்டோம்னு சேத்துக்க மாப்ள." "கேப்டன் சதின்னு போடலாமா?" "சதி வேணாம்டா, பொம்பளப் புள்ள. மோசடின்னு போடு." ஒரு பக்கத்துக்கு அரை நாள். நடுநடுவே ஆட்டத்தைப் பற்றி வேறு பேச்சு. அந்தப் பதினெட்டாவது நகர்வில் யானையை ஏன் அங்கே வைத்தாய் என்று.

எனக்கு வயிறு எரிந்தது. ஏலே, நாலு வருஷமா நடுவுல கெடந்து நாறுனவ நானு! எனக்கு ஒரு பாராட்டுக் கடுதாசி உண்டா? அந்தப் பட்டியல்ல எம் பேரு வர நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா? எல்லாம் மனசுக்குள்தான். வெளியே, கறிக்குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு மூன்று தடவை சோறு வைத்தேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, கழுதை. தின்னுகிற அழகைப் பார்த்தபோது கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்து இருவரும் லேப்டாப்போடு அடுப்படிக்கு வந்தார்கள். புகாரில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துவிட்டார்களாம். மெயிலில் எப்படி இணைப்பது என்று தெரியவில்லையாம்.

"நீயே அனுப்பிரு, அக்கா" என்றான்.

"ஒரு எழுத்து மாத்தக் கூடாது" என்றார் இவர்.

மாற்றவில்லை. இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, அதைக்கூடத் தொடவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இணைத்து, அனுப்பினேன்.

18.10.2025, சனி

தீர்ப்பு வந்துவிட்டது. எனக்கு ஒரு வருடம் தடை. புதுக் கேப்டன் கர்ணன். என் இடத்தில் நாகஜோதியைச் சேர்க்க அனுமதி. பட்டியலில் தேனி இருக்கிறது. நான் இல்லை. கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சும்மா இல்லை, நிஜமாகவே அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் தம்பி, தீபாவளி வரைக்கும் இங்கேதான் என்று பையோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். ஹாலில் பலகையை விரித்து முதல் அணி ஆட்டத்துக்கு மச்சானும் மாப்பிள்ளையும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, எந்தக் குதிரை எங்கே போக வேண்டும் என்று.

"அக்கா, நீயாயிருந்தா இங்கன என்னா ஆடுவ?"

தடை என்றால் தடைதான். அவனுக்குப் பாயும் தலையணையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.