அம்மாவின் மடியில் உன் தலை

அண்ணா, ஜமுனாமரத்தூர்ச் சந்தை முழுக்க இன்று பலாப்பழ வாசனை. அம்மா ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து, "இது அவனுக்குப் புடிக்கும்" என்றாள். நீ போய் ஒரு வருடமாகிறது. எனக்குப் பலாப்பழம் பிடிக்குமா என்று அவள் இன்னும் கேட்டதில்லை.

மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவன் நீ. திடீரென்று நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பாய். ஒரு பீடி அணையும்முன் அடுத்ததைப் பற்றவைப்பாய். கை மட்டும் போனில் காசு கட்டி ரம்மி ஆடிக்கொண்டிருக்கும். பிறகு வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாய்.

எனக்கு டீச்சர் வேலை கிடைத்த செய்தியோடு ஓடிவந்த அன்றுதான், ஆட்டத்துக்காக நீ ஜீப்பை விற்றுவிட்டது தெரிந்தது. அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு வேல கெடச்சிருக்கும்மா."

"இப்ப அதுவாடி முக்கியம்? இவனப் பாரு."

உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பஸ்ஸில் வழிநெடுக அம்மாவின் மடியில் உன் தலை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மனநோய் வேற, சூதாட்டம் வேறன்னு பிரிக்காதீங்க. ஒண்ண ஒண்ணு தூண்டுது. ரெண்டுக்கும் சேத்துதான் வைத்தியம் பாக்கணும்" என்றார் டாக்டர். நோய் என்று புரிந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது. எனக்கும் ஏதாவது வந்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

மாத்திரையும் கவுன்சலிங்கும் மெல்ல உன்னைத் திருப்பித் தந்தன. இடையில் ஒருமுறை சறுக்கினாய், மறுபடி போனோம். அதற்கப்புறம் நீயே போனை என்னிடம் கொடுத்தாய். "நீ வச்சிரு பாப்பா. அம்மாகிட்ட இருந்தா அழுது வாங்கிடுவேன்."

ஒருமுறை வேலூரிலிருந்து நாம் இருவர் மட்டும் திரும்பும்போது, வழியில் அமிர்தியில் ஒரு டீக்கடையில் கேட்டேவிட்டேன். "அம்மா மொத்தமும் உனக்கே. எனக்கு இன்னா மிச்சம்?"

நீ கோபப்படவில்லை. "எனக்குத்தான் உன்மேல பொறாம" என்றாய். "ஒரு டீ குடிச்சிட்டு, போதும்னு எழுந்துக்குற. படுத்தா தூங்கிடுற. எனக்கு எதுலயும் அந்தப் போதும் வரமாட்டேங்குது."

நெஞ்சுவலிதான் உன்னைக் கொண்டுபோனது. கடைசிவரை நீ மறுபடி ஆடவில்லை. "எனக்குன்னு இருந்த ஒரே புள்ள" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் பொறாமை போகவில்லை, அண்ணா. போய்விட்டதென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த உலகத்தில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நீதான். இப்போது அப்படி யாருமில்லை.