எண்ணெய் வாங்கியவர் படகில் ஏறட்டும்

இன்று காலை மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் ஆயில் கடையில் நின்று, "டூ-ஸ்ட்ரோக் ஆயில் வேணும்ணே" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆட்டோவுக்குத்தான?" என்று சிவப்பு எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துப் போட்டார். அதன் ஓரம் கசிந்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பாக்கெட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

இந்தக் கேள்வியை எத்தனை கடைக்காரர்கள் உன்னிடம் கேட்டிருப்பார்கள்! "படகுக்குண்ணே" என்பாய். "வைகையில கால் நனைக்கத் தண்ணியக் காணோம், படகாம்ல!" என்று சிரிப்பார்கள். "தண்ணி வந்தா உங்களத் தூக்க நான்தாண்ணே வரணும். நல்ல ஆயிலாக் குடுங்க" என்பாய். கடல் இல்லாத ஊர் இது. இங்கே அந்த எண்ணெய் என்றாலே ஆட்டோதான். நீ கேனைத் திருப்பி, படகு மோட்டாருக்கானது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாய். இல்லையென்றால் அடுத்த கடை. வெயிலில் உன்னோடு அலைந்து நான் கத்தியிருக்கிறேன்.

"எம்புட்டு நேரம்டா தேடுவ?"

"நீ கரையில நிக்கிறவன் மாப்ள. நான் நடுக்கண்மாயில உக்காரணும்."

ஐடிஐயில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நான் திருப்பரங்குன்றத்தில் பட்டறை போட்டேன். நீ மேலூர்ப் பக்கத்துக் கண்மாயில், காண்ட்ராக்டரின் படகுக் குழாமில் டிரைவராகப் போனாய். அங்கே நீயாக ஒரு சட்டம் வைத்திருந்தாய். புதுக் கேனைப் பிரித்து பெட்ரோலில் கலந்ததும், எண்ணெய் வாங்கி வந்தவர் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும். ஒருமுறை நான் வாங்கி வந்தேன். நீச்சல் தெரியாத என்னை நடுக்கண்மாய்க்குக் கொண்டுபோய் மோட்டாரை அணைத்தாய். நான் படகின் விளிம்பைப் பிடித்த பிடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய். "இப்பச் சொல்லு மாப்ள, ஆயிலு நல்ல ஆயிலா?"

காண்ட்ராக்டர் ஒருநாளும் ஏறியதில்லை. கடைசி வருடம் எண்ணெயை அவரே வாங்க ஆரம்பித்தார். பழைய கேனில் புது எண்ணெய். நீ உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தாய். நாம் வழக்கமாக வாங்குவது நீலம். இது சிவப்பு.

"அண்ணே, இது ஆட்டோ ஆயிலு."

"ரெண்டும் டூ-ஸ்ட்ரோக்குதானடா? மதுரையில அம்புட்டு ஆட்டோ ஓடுச்சே, நின்னா போச்சு?"

"ஆட்டோ இஞ்சின் காத்துல ஆறுறதுண்ணே, நல்லாச் சூடாகும். இது தண்ணியில ஆறுறது. இந்த ஆயிலு சாம்பலா நின்னு ஸ்பார்க் பிளக்க அடைச்சிரும்."

"நீ என்ன இஞ்சினியரா?"

அன்று மோட்டாரைப் பார்க்க வந்திருந்த என் பக்கம் அவர் திரும்பினார். "நீ சொல்லுப்பா, ஓடுமா ஓடாதா?" அவருடைய இரண்டு வேன்களும் என் பட்டறைக்குத்தான் வரும். "ஓடும்ணே, ஆனா..." என்று இழுத்தேன். அந்த 'ஆனா'வை முடிக்கவில்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதன்பின் வாரம் தவறாமல் பிளக்கைக் கழற்றிச் சுரண்டி மாட்டினாய். போன மழைக்குக் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு மறிந்து பாய்ந்தது. ரைஸ்மில் கூரைமேல் ஆட்கள் நிற்கிறார்கள் என்று வந்து சொன்னார்கள். மோட்டார் வைத்த வேறு படகு இல்லை. "பிளக்க ஒருதடவ பாத்துக்கிறேண்ணே" என்றாயாம். "ஆளு சாகப்போறான், இப்பப் போயா?" என்று காண்ட்ராக்டர் விரட்டினாராம். தனியாகப் போனாய். பாதி வழியில் மோட்டார் நின்றது. துடுப்பு அந்த இழுப்புக்குத் தாங்கவில்லை. தண்ணீர் உன்னைக் கலுங்குக்கு இழுத்துப்போனது. கூரைமேல் இருந்தவர்களைப் பிறகு கயிறு கட்டி இறக்கினார்கள். உன்னை மறுநாள் கருவேலங்காட்டில் எடுத்தோம்.

உன் சாம்பல் ஆறுவதற்குள் காண்ட்ராக்டர் விசாரணையில் சொல்லிவிட்டார்: "டிரைவர் ஆயில் கலக்க மறந்துட்டான்."

மோட்டாரைப் பிரித்தது நான். எண்ணெய் கலக்காமல் ஓட்டியிருந்தால் பிஸ்டன் கீறிப் பிடித்திருக்கும். ஒரு கீறல் இல்லை. பிளக்கின் முனையில் மட்டும் சாம்பல் கட்டி இடைவெளியை அடைத்திருந்தது. நீ கலந்திருந்தாய். அவர் வாங்கிய எண்ணெயைக் கலந்திருந்தாய். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அதைக் காட்டினேன். "நீ அவன் சேக்காளி, வேற எப்பிடிச் சொல்லுவ?" என்றார். பேனாவைத் திறக்கவே இல்லை. செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான். பழியை அவன்மேல் போட்டுவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போகலாம். ஏழாவது படிக்கும் உன் மகளைப் பள்ளிக்கூடத்தில், "எண்ணெய் ஊத்த மறந்தவரு மக" என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பிளக் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

போன வாரம் படகுக் குழாமை மறுபடி திறந்தார்கள். அதே காண்ட்ராக்டர். புது மோட்டார், மாலை, தேங்காய், ஊர்க்கூட்டம். மோட்டாரைக் கிளப்பிவிட என்னைக் கூப்பிட்டார். போனேன். உன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் மனைவி வர மாட்டேன் என்றாள். "ஒரு தடவ வாம்மா, அதுக்கப்பறம் கூப்பிட மாட்டேன்" என்றேன்.

எல்லோர் முன்னாலும் கேனைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றினேன். சிவப்பு.

"நீங்க வாங்குனதாண்ணே?"

"ஆமா, நான்தான். ஏன்?"

பெட்ரோலில் அளந்து கலந்து டாங்கியில் ஊற்றினேன். மோட்டார் ஓர் இழுப்பில் கிளம்பியது. கூட்டம் கை தட்டியது. "ஏறுங்கண்ணே" என்றேன்.

"நானா? நான் எதுக்குப்பா?"

"இங்க ஒரு டிரைவர் இருந்தான்ல, அவன் வச்ச சட்டம். வாங்குனவுக மொதல்ல ஏறணும். கலுங்குப் பக்கம் ஒரு சுத்து, அம்புட்டுதான்."

கரையில் நின்ற, கண்மாய் மடையைத் திறந்து அடைக்கும் மடைக்காரர் துண்டை உதறினார். "நல்ல ஆயிலுன்னா ஏற வேண்டியதான? மாலையெல்லாம் போட்டிருக்கீக!"

சிரிப்பு கிளம்பியது. காண்ட்ராக்டருக்கு முகம் வியர்த்தது. தண்ணீரைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். பிறகு அவர் வாயே அதைச் சொன்னது.

"இந்த ஆயில்லயா? நடுவுல நின்னுருச்சுன்னா?"

சிரிப்பு அப்படியே நின்றது. பையிலிருந்து பிளக்கை எடுத்து உன் மகளின் கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கப்பா மறக்கலைல?" என்றாள். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்க்கும் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவர் மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு காருக்கு நடந்ததைக் கடைசி அடி வரை பார்த்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிக நன்றாக இருந்தது.

இனி நான் வாங்கும் எண்ணெய்தான் அந்தப் படகில் ஊற்ற வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. அதனால்தான் இன்று கடை. மூன்றாவது கடையில் கிடைத்தது, நீலம். நாளை முதல் ஓட்டத்தில் நான் ஏறுகிறேன். இன்னும் நீச்சல் தெரியாது. அன்று அந்த 'ஆனா'வை முடிக்காதவன் நான். எனக்கும் அந்த இடம்தான்.

பிளக்கை உன் மகள் திருப்பித் தந்துவிட்டாள். "நீங்களே வச்சிருங்க மாமா, விசாரணைக்கு மறுபடி கேப்பாகல்ல" என்றாள். கேட்க வைப்பேன். சிவப்புக் கேனும் மூடி போட்டபடி என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. காண்ட்ராக்டரின் வேன்கள் இப்போது வேறு பட்டறைக்குப் போகின்றன, என் வாசலைத் தாண்டித்தான். ஒவ்வொரு முறையும் நான் வெளியே வந்து, அந்தப் பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். முனையில் இருக்கிற சாம்பலை மட்டும் தொடுவதில்லை.