எருமைக்கு மெழுகு

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் அம்மா சேற்றோடு வந்தாள். அம்மா மட்டுமில்லை, எருமையும். எருமை என்றால் அம்மாவின் ஜீப். கறுப்பு நிறம், கனத்த உடம்பு, சேற்றைக் கண்டால் குஷி. வேறு என்ன பெயர் வைப்பது? அம்மா மாட்டு டாக்டர். ரோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் அவளுடைய வேலையே ஆரம்பிக்கும். பின்னங்காலை முதலில் நீட்டிய ஒரு கன்றை வெளியே எடுத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிட்டாள்.

நான் வாசலுக்குப் போனேன். எருமையின் பின்கதவு முழுக்கச் சேறு. எழுதச் சொல்லிக் கெஞ்சுகிற பலகை மாதிரி இருந்தது. என் விரல் பேச்சைக் கேட்கிற விரலா? நகம் பதிய எழுதினேன்:

உள்ளே டாக்டர். வெளியே நோயாளி.

ஜூன் 4, புதன்

எருமை ஊரெல்லாம் அப்படியே சுற்றி வந்திருக்கிறது. பெட்ரோல் போடுகிறவர், “பேஷண்டுக்கு எத்தனை லிட்டர் டாக்டர்?” என்று கேட்டாராம். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டுதான் என்னைத் திட்டினாள். “அழிச்சிடுடி. இப்பவே.”

அழித்தேன். சேறு காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. பழைய துண்டால் அழுத்தி, வட்ட வட்டமாக, மூச்சு வாங்கத் தேய்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. நான் நாட்டுக்கே முன்மாதிரி.

ஜூன் 5, வியாழன்

முன்மாதிரி இல்லை. முட்டாள்.

காலை வெயில் பின்கதவில் பட்டதும் தெரிந்தது. கதவு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். அதன் நடுவே, நான் அழித்ததாக நினைத்த ‘நோயாளி’ பளிச்சென்று. சேற்றுக்குள் மணல் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் கேட்டிருப்பேனா? நான் தேய்த்தது துண்டால் இல்லை, உப்புத்தாளால். எழுத்தை அழிக்கவில்லை, செதுக்கி வைத்திருக்கிறேன்.

அம்மா விரலால் தடவிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். எங்கே கீறல் விழுந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்க்கும்.

“அண்ணி, நான் அன்னைக்கே சொன்னேன். சேத்துல போற வண்டிக்கு எதுக்குக் கறுப்பு? ஒரு குடோன் ஷட்டருக்குக் கலந்த மண் கலர் ஒரு டப்பா மிச்சம் இருக்கு. அடிச்சு விட்டுர்றேன். அப்புறம் சேறு பட்டாலும் தெரியாது, படலேன்னாலும் தெரியாது.”

அம்மா சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். எங்கள் வீட்டில் சித்தப்பா பேசினால் அம்மா மறுக்க வேண்டும், அதுதான் வழக்கம். அம்மா சொன்னாள்: “சரி தம்பி, அடிச்சிருங்க. கழுவிக் கழுவி எனக்கும் அலுத்துப் போச்சு.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

எருமையை வாங்கப் போனபோது, சிவப்பு வண்டி வேண்டுமானால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஷோரூமில் சொன்னார்கள். கறுப்புக்காகத் தவம் கிடந்தவள் இவள். தனக்கென்று செருப்பு வாங்கவே இரண்டு கடை ஏறி இறங்குகிறவள். வண்டி வந்த அன்று, எங்கேயும் போகாமல், வாசலிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளா ‘சரி’ என்கிறாள்? ஏம்மா இப்படிச் சொன்னே?

நான் கிறுக்கினதாலதான். வேற என்ன.

ஜூன் 6, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சித்தப்பா கடைக்குப் போனேன்.

“சித்தப்பா, ஒரு பந்தயம்.”

“வாலு, நீ வர்ற வேகத்தைப் பாத்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது. சொல்லு.”

பேசி முடித்தது இது. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எருமையைச் சேற்றில் இறக்குவோம். அப்புறம் வீட்டுப் பைப், வாளி, என் கை, அவ்வளவுதான். கறை இல்லை என்று அம்மா தன் வாயால் சொன்னால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். சித்தப்பா தன் கையால் கீறலை எடுத்துத் தருவார். கறை இருந்தால் மண் கலர். காலாண்டு லீவு முழுக்க நான் அவர் கடையைப் பெருக்க வேண்டும்.

“இப்பவே சொல்றேன், மண்ணைக் கவ்வப் போறே.”

“யார் கவ்வுறதுன்னு பாக்கலாம். பல்லை நல்லா விளக்கிட்டு வாங்க.”

ஜூன் 8, ஞாயிறு

சித்தப்பா கடைக்குப் பின்னால் ஒரு கறுப்பு பானெட் ஓரம் மட்டும் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கட்டம் பிரித்து, நானே சேறு பூசினேன். வாழ்க்கையில் முதன்முறையாக அனுமதியோடு சேறு பூசுகிறேன். சுவாரசியமே இல்லை.

காய்ந்த சேற்றில் கை வைத்தால் கீறல். அது தெரிந்த கதை. சோப்பை நேராகப் போட்டாலும் மணல் துணியோடு ஓடிக் கோடு போடுகிறது. முதலில் ஊற விட வேண்டும், மேலிருந்து கீழே தண்ணீர் அடிக்க வேண்டும், மணலெல்லாம் தானாக இறங்கிய பிறகுதான் துணி. அதுவும் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. இரண்டு வாளி வேண்டும்: சோப்புக்கு ஒன்று, அழுக்குத் துணியை அலச ஒன்று. ஒரே வாளி என்றால் எடுத்த மணலையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். கொதிக்கிற வெயிலில் கழுவினால் சோப்பு காய்ந்து தேமல் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது.

இரண்டாவது வாளி குளியலறையிலிருந்து வந்தது. வந்தது என்றுதான் சொல்வேன். எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

அப்பா தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து, “வாளி எங்கே?” என்று கத்தினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் எருமை சேற்றோடு நின்றது. “கழுவலையாம்மா?” “எதுக்குக் கழுவணும், பெயின்ட்தானே அடிக்கப் போறோம்.”

ஜூன் 11, புதன்

பானெட்டில் ஒரு பிரச்சினை. சேறு போகிறது, ஆனால் அதன் நிழல் போக மாட்டேன் என்கிறது. கழுவிக் காய்ந்த பிறகு பார்த்தால் கறுப்பு மேல் லேசாகக் காவி. மூன்று தடவை சோப்பு போட்டேன். கறுப்பு எருமை சாமியாராகப் போகிறதோ?

சித்தப்பாவிடமே கேட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தார். “எதிரியா இருந்தாலும் கடைக்கு வந்தா கஸ்டமர். இந்தா.” கையில் கொடுத்தது களிமண் உருண்டை.

“மண்ணை எடுக்க மண்ணா? காதுல பூ சுத்துறீங்களா?”

“இது வண்டி பெயின்ட்டுக்குன்னே விக்கிற களிமண். தேச்சுப் பாரு. சோப்புத் தண்ணி நல்லா வழியணும். காய விட்டே, கீறிடும்.”

தேய்த்தேன். முதலில் கரகரவென்றது. பிறகு வழுக்கிக்கொண்டு போனது. காவியெல்லாம் உருண்டையில் ஏறி, பானெட் கண்ணாடி! என் முகம் தெரிந்தது. அழகான முகம்.

ஜூன் 14, சனி

வந்த கறையை எடுப்பது பாதி. வராமலே பார்ப்பதுதான் மீதி. சித்தப்பாவிடம் மெழுகு கேட்டேன். “டப்பா அடியில கொஞ்சம் இருக்கு, வழிச்சுக்கோ” என்று தந்தார். தன் கையாலேயே தந்தார்! பானெட்டில் பாதிக்கு மட்டும் மெழுகு தடவித் துடைத்து, சேறு பூசிக் காய வைத்தேன். தண்ணீர் அடித்தால், மெழுகுப் பாதியில் சேறு போர்வையை உருவின மாதிரி இறங்குகிறது. மறுபாதி உரிமை கொண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த இரண்டு பாதியையும் பார்த்துக்கொண்டே நின்றேன். மூளையில் ஏதோ அரிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சேறு சக்கரத்திலிருந்துதானே கிளம்புகிறது. சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் தொங்கவிட்டால் பாதி அங்கேயே நின்றுவிடும். தொங்கவிட்டாயிற்று. வாசலில் கிடந்த ரப்பர் மிதியடியைக் காணோம் என்று வீட்டில் பேச்சு. அப்பா தையல்காரர், அவருக்கு மிதியடி பற்றிக் கவலை இல்லை. “எதால வெட்டினே? உண்மையைச் சொல்லு, என் கத்திரியாலயா?” என்று குரல் நடுங்கக் கேட்டார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூன் 21, சனி

எருமையைக் கழுவி, களிமண் தேய்த்து, துடைத்து, மெழுகு போட்டேன். பானெட், கூரை, நான்கு கதவு. கை கழன்றுவிட்டது. பின்கதவுக்கு வந்தபோது டப்பாவில் விரல் நுனி அளவுதான் மிச்சம். சித்தப்பா கடைக்கு ஓடினேன். பூட்டு.

ஐயோ, அதிகச் சேறு அடிக்கிற இடமே பின்கதவுதானே.

மிச்சத்தைக் கதவு முழுக்கத் தடவினால் எங்கேயும் நிற்காது. அப்போதுதான் மூளையில் அந்த அரிப்பு என்னவென்று புரிந்தது. விரலில் மெழுகை எடுத்து— வேண்டாம், இங்கேகூட எழுத மாட்டேன். காய்ந்ததும் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய கீறலைத் தவிர, சுத்தமான கறுப்பு.

புத்திசாலித்தனமா, திமிரா? நாளைக்குத் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதுகிற கை இன்னும் ஈரமாக இருக்கிறது.

பண்ணைப் பாதையில் நேற்று இரவு பெய்த மழைத் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது. பந்தயத்துக்கு நடுவரான அம்மாவே ஓட்டினாள், பக்கத்தில் சித்தப்பா, பின்னால் நானும் அப்பாவும். “அண்ணி, இடது பக்கம் இன்னும் ஆழமா இருக்கு” என்று சித்தப்பா வழிகாட்டினார். அம்மா ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே ஒடித்தாள். சேறு கூரைக்கு மேலே எழும்பியது. அம்மா சிரித்தாள்! பல நாள் கழித்து, வாய் விட்டு. அப்பா மட்டும், “சட்டை, சட்டை” என்று முனகிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பைப்பை எடுத்தேன். “காயட்டும்” என்றார் சித்தப்பா. டீ குடித்தார். இன்னொரு டீ கேட்டார். எருமை வெயிலில் நின்று பொறுக்காக வெடித்தது. பிறகு பைப்பைப் பிடுங்கினார். “நான்தான் அடிப்பேன். உன்னை நம்ப முடியாது.”

அடியுங்கள் சித்தப்பா. நன்றாக அடியுங்கள்.

பானெட்டில் தண்ணீர் பட்டது. சேறு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு கட்டி கட்டியாகக் கழன்று இறங்கியது. கீழே கறுப்பு. கதவுகளிலும் அப்படியே. சித்தப்பாவின் வாய் மெல்லத் திறந்துகொண்டே போனது. சுற்றிப் பின்னால் போய், பின்கதவில் அடித்தார். முதலில் ஒரு வளைவு கறுப்பாக வெளிப்பட்டது. அப்புறம் ஒரு புள்ளி. அவர் புரியாமல் இன்னும் கிட்டே போய் அடித்தார். காவிச் சேற்றுக்கு நடுவே, என் கையெழுத்தில், அவர் கையாலேயே வந்தது:

சித்தப்பா அவுட்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறியது. நான் கைகளைத் தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடினேன்.

“நில்லு வாலு.” சித்தப்பா சுதாரித்துக்கொண்டார். “எழுத்து சுத்தம். மத்தது? பாருங்க அண்ணி, கதவு பூரா காவி. அப்ப யார் அவுட்?”

ஓடின கால் நின்றுவிட்டது. நியாயம்தான். என் குறும்புக்கு மெழுகு போட்டேன், கதவுக்குப் போடவில்லை. மறுபடியும் என் விரலாலேயே அம்மாவின் வண்டியை...

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கதவின் முன்னால் குனிந்து நின்றாள். எழுத்தைத் தொட்டாள், பக்கத்துக் காவியைத் தொட்டாள். “ஒரே கதவு, ஒரே சேறு, ஒரே தண்ணி” என்றாள், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, “பந்தயத்துல வாளியும் உண்டுதானே? ஏன் நிக்கிறே?” என்றாள்.

ஈரத் துணியைக் கதவில் போர்த்தி ஊற விட்டேன். தண்ணீர். நுரை. ஒரு வாளியில் முக்கி, ஒரு வாளியில் அலசி, மேலிருந்து கீழே, அழுத்தாமல். அவசரப்படச் சொல்லி உடம்பு முழுக்கக் கத்தியது; கை மட்டும் கேட்கவில்லை. கடைசியில் களிமண் உருண்டை. பாதிக் கதவில் கை ஓய்ந்தபோது அம்மா உருண்டையை வாங்கிக்கொண்டாள். “அம்பயரே ஆடலாமா?” என்றார் சித்தப்பா. “என் வண்டி தம்பி” என்றாள் அம்மா.

கழுவித் துடைத்து முடித்ததும் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கதவில் ஒற்றி எல்லோருக்கும் காட்டினாள். வெள்ளை. சுத்த வெள்ளை.

“தம்பி, அந்த டப்பாவை வேற ஷட்டருக்கு அடிச்சிருங்க.”

ஜூன் 25, புதன்

சித்தப்பா பாலிஷ் மெஷினோடு வந்தார். ‘நோயாளி’ குணமாகிவிட்டான். பந்தயத்தில் இல்லாத ஒரு புது மெழுகு டப்பாவையும் என் தலையில் தட்டிக் கொடுத்தார். “மெஷின் போட்டதுல பின்கதவுல ஒண்ணும் இருக்காது. புதுசா மெழுகு போடணும்.” அம்மா சட்டென்று டப்பாவை வாங்கிக்கொண்டாள். “பின்கதவை நான் பாத்துக்கறேன்.”

ஜூன் 29, ஞாயிறு

எருமை நேற்று ஒரு குட்டையில் இறங்கிவிட்டு வந்திருந்தது. “வாலு, கழுவுடி. பின்கதவுலேர்ந்து ஆரம்பி” என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

மேலிருந்துதானே கழுவணும், இவளுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டே பைப்பைத் திறந்தேன். சேறு வழிந்தது. கீழே ஒரு சுழி கறுப்பாகத் தெரிந்தது. பிறகு ஒரு கோணல் கோடு. டாக்டர் கையெழுத்து, படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வாலு, வாளி எங்கே?

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் அம்மா டீ டம்ளரோடு நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. பார்வை கூரையில் இருந்தது.

வாளியைக் குளியலறையில் வைத்துவிட்டேன்.