இடித்த வண்டியின் பெயிண்ட் எங்கே?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. முகத்தில் குத்து வாங்கியவன் மாதிரி முன்பக்கம் மொத்தமும் உள்ளே போயிருந்தது. ஓட்டி வந்தவர், "நான் சும்மாதான் நின்னேன், மரம் வந்து இடிச்சிடுச்சு" என்றார். "மரத்துக்கிட்ட லைசென்ஸ் இருந்துச்சா சார்?" என்று கேட்டேன். என்னிடம் வேலை செய்கிற பெயிண்டர் சிரித்த சிரிப்பில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். முப்பது வருஷமாக இடிபட்ட வண்டிகளில் ஒடுக்கு எடுக்கிறேன். நான்தான் இடித்தேன் என்று ஒத்துக்கொண்ட ஆளை இன்னும் பார்க்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போனால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். வீட்டுக்காரி ஒட்டியிருக்கிறாள். "நிலா உருவானது எப்படி? நான்கு கோட்பாடுகள்." அடியில் சிவப்பு மையில்: "17ஆம் தேதி. வாய்மொழித் தேர்வு."

பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டே தபால் வழியில் பட்டப்படிப்பு படிக்கிறாள், ஐந்து வருஷமாக. எழுதுகிற பரீட்சை எல்லாம் பாஸ். இந்த வாய்ப் பரீட்சைக்கு மட்டும் இரண்டு தடவை போய், மூன்று பேர் முன்னால் நின்று, ஒரு சொல் வராமல் திரும்பி வந்துவிட்டாள். இது மூன்றாவது. இதற்கு மேல் வாய்ப்பு கிடையாதாம். பாஸ் ஆனால் அதே ஆய்வகத்தில் பாடம் எடுக்கலாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் குடுவைதான், ஓய்வு பெறும் வரைக்கும்.

நான் எத்தனாவது வரை படித்தேன் என்று கேட்காதீர்கள். யார் கேட்கப் போகிறார்கள், என் டைரிதானே. நாலாவது.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து வந்ததும் என்னையும் மச்சானையும் சோபாவில் உட்கார வைத்தாள். நாங்கள்தான் பரீட்சை வைப்பவர்களாம். மச்சான் அவளுடைய அண்ணன். காலமெல்லாம் பதினாறு சக்கர லாரி ஓட்டியவர். முட்டி தேய்ந்துபோய் இப்போது எங்கள் முன்னறையில் நிரந்தர பார்க்கிங்.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் கோட்பாடு: ஆதியில் பூமி படுவேகமாகச் சுழன்றதாம். அந்த வேகத்தில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போய் நிலாவானதாம்.

"பம்பர் கழண்டு விழுந்தாலே வண்டிக்காரன் நின்னு எடுத்துட்டுப் போவான். பூமி திரும்பிக்கூடப் பார்க்கலையா?" என்றேன்.

மச்சான் நெற்றியைச் சுருக்கினார். "துண்டு பறக்கற அளவுக்குச் சுத்தின சக்கரம்னா, அந்த வேகத்தோட மிச்சம் எங்கயாவது இருக்கணுமேம்மா. எங்க போச்சு?"

அவள் கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடினாள். இரண்டாவது: எங்கிருந்தோ வந்து, பூமி பக்கமாகப் போய்க்கொண்டிருந்த நிலாவைப் பூமி தன் ஈர்ப்பால் பிடித்து வைத்துக்கொண்டது.

"நான் உன்னைப் பிடிச்ச மாதிரி."

"நான் பஸ்ஸுக்குத்தான் நின்னேன்" என்றாள். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது. மச்சான்தான் விடவில்லை. "அவ்வளவு ஸ்பீடுல வர்ற லோடு வண்டி, பக்கத்துல ஒருத்தன் நிக்கறான்னு நிக்குமா? பிரேக் யாரு போட்டது?"

அவள் தாளைப் பார்த்தாள். தாளில் பிரேக் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பெயிண்டரிடம் பிரேக் விஷயத்தைச் சொன்னேன். மத்தியானம் வரை சிரித்தான்.

மார்ச் 8, சனி

இன்று மற்ற இரண்டு.

மூன்றாவது: பூமியும் நிலாவும் ஒரே தூசி மேகத்திலிருந்து பக்கத்துப் பக்கத்தில் உருண்டு திரண்டவை.

"அப்ப ஒரே ஃபேக்டரி வண்டிங்க" என்றேன்.

"அப்படியும் சொல்லலாம்."

"பூமிக்குள்ள நடுவுல என்ன இருக்கு?"

"பெரிய இரும்பு உருண்டை."

"நிலாவுக்குள்ள?"

"இருக்கு... ரொம்பச் சின்னது."

"ஒரே ஃபேக்டரியில ஒரு வண்டிக்கு லாரி எஞ்சின், இன்னொண்ணுக்குத் தையல் மெஷின் மோட்டாரா? எவனோ நடுவுல கழட்டி வித்துட்டான்!"

மச்சான் சோபாவில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

நாலாவதுதான் இப்போது பெரும்பாலானவர்கள் ஏற்பதாம். செவ்வாய் கிரகம் அளவுக்கு ஒன்று வந்து இளம் பூமியை இடித்தது. சிதறியதெல்லாம் பூமியைச் சுற்றிவந்து, சேர்ந்து, நிலாவாகிவிட்டது. இடி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நம்ம டிபார்ட்மென்ட்.

"சிதறினதுல யார் சாமான் அதிகம்?"

"இடிச்சதோடதுன்னுதான் முதல்ல கணக்குப் போட்டாங்களாம்."

"அப்ப நிலாக் கல்லுல அதோட ஜாடை இருக்கணும்."

"இல்லைங்க, அது கிட்டத்தட்ட பூமிக் கல்லு மாதிரியே..."

"டீச்சரம்மா! முப்பது வருஷத்துல, இடிச்சவன் பெயிண்ட் ஒட்டாத ஒரு ஒடுக்கை நான் பார்த்ததில்ல. எங்க பெயிண்ட்? இது இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்ற கதை!"

மச்சான் கைதட்டினார். நானும் தட்டினேன். அவள் தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"நாலையும் தின்னாச்சு. இனி நான் அங்க போய் என்னத்தச் சொல்றது?"

"ஏய், சும்மா விளையாட்டுக்கு..."

"இருபத்திரண்டு வருஷமா விளையாட்டுத்தான். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, நீங்க இதுக்கு என்ன சொல்லிச் சிரிப்பீங்கன்னு மனசுல ஓடுது. பழகிப்போச்சு. அங்க யாரோ மூணு பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சீங்களா? மூணும் நீங்கதான்."

அழுதா. உள்ளே போயிட்டா.

மூணும் நானா? நான் என்ன பண்ணேன்? சிரிக்கத்தானே வச்சேன் — யாரை சிரிக்க வச்சேன்? மச்சானை. பெயிண்டரை. ரோட்டுல போறவனை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் யாரும் பேசவில்லை. மச்சான் டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தார். செய்தி.

மார்ச் 10, திங்கள்

இனி யாரையும் கிண்டல் செய்வதில்லை என்று முடிவு. பட்டறைக்கு வந்த ஒருவர், "வீட்டு கேட் தானாவே திறந்து வண்டி மேல மோதிடுச்சு" என்றார். என்ன ஒரு வாய்ப்பு! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "சரிங்க சார்" என்றேன். பெயிண்டர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, பல்வலியா?" பதினோரு மணிக்கு மாத்திரை வாங்கி வந்து கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லவும் பேசித்தானே ஆகவேண்டும், வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஃபிரிட்ஜில் தாள் இல்லை. "குடுவை கழுவறதுல என்ன குறைச்சல்" என்றாளாம் மச்சானிடம். அவர் நொண்டி நொண்டி என்னிடம் வந்து, "மாப்ளே, நல்லா போயிட்டிருந்த வண்டியை நாமதான் பள்ளத்துல இறக்கிட்டோம்" என்றார்.

நாம இல்ல மச்சான். நான்.

மார்ச் 12, புதன்

பேசாமல் உதவி செய்ய என்ன வழி? யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். மோதலைச் செய்தே காட்டிவிடுவது. கண்ணால் பார்த்துவிட்டால் அவளுக்குச் சொல்ல வந்துவிடும் அல்லவா?

ஒடுக்கு எடுத்த இடத்தில் பூசுகிற பட்டி இருக்கிறதே, அதில் பெரிய உருண்டை ஒன்று, சாம்பல் நிறம். அதுதான் பூமி. சிவப்புக் கலந்து சின்னதாக ஒன்று, இடிக்க வருகிறவன். பழைய சக்கரம் ஒன்றைப் படுக்க வைத்து, நடுவில் பூமியை வைத்தேன். பெயிண்டர் சக்கரத்தைச் சுற்றினான். "அண்ணே, பல்வலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினான். நான் நாலடி தள்ளி நின்று சிவப்பை வீசினேன்.

குறி தப்பவில்லை. அது ஒன்றுதான் இன்று சரியாக நடந்தது.

பாதிப் பூமியைக் காணோம். காணாமல் போனது முழுக்க, நேற்று பெயிண்ட் அடித்து முடித்த வக்கீலுடைய வெள்ளைக் காரில் இருந்தது. பானட், கண்ணாடி, இரண்டு கதவு. துணி போட்டு மூட மறந்திருந்தோம். வக்கீல் வாசலில் நின்றிருந்தார். வண்டி எடுக்க வந்தவர். அவருக்குப் பின்னால் வீட்டுக்காரி, கையில் என் சாப்பாட்டு டப்பாவோடு. பேச்சில்லாத வீட்டில் டப்பாவை யார் ஞாபகப்படுத்துவது? மறந்துவிட்டுப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் அடுத்த தெருதான்.

"என்னய்யா இது?" என்றார் வக்கீல்.

வாயைத் திறந்தேன். அவள் நின்றிருந்தாள். மூடிக்கொண்டேன்.

"நிலா சார்" என்றான் பெயிண்டர்.

"என்னது?"

"அண்ணிக்குத்தான் சார் தெரியும்."

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. என் வண்டியில ஏன் நிலா இருக்கு?"

அவள் கை டப்பாவை இறுக்கியது. போச்சு, இங்கேயும் பேச்சு வரப்போவதில்லை என்று நினைத்தேன். பிறகு, மெதுவாக, "பூமி உருவான புதுசுல சார்..." என்று ஆரம்பித்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த வக்கீலுக்குத் தொழில்புத்தி வந்துவிட்டது. "இடிச்சது யாரு?"

"தேயான்னு பேர் வச்சிருக்காங்க சார்."

"இப்ப எங்க?"

"அந்த இடியிலேயே போயிடுச்சு."

"ஆள் தலைமறைவு. பார்த்த சாட்சி?"

"நானூத்தைம்பது கோடி வருஷம் ஆச்சு சார். யாரும் பிறக்கல."

"தடயம்?"

"நிலாவுலருந்து கொண்டுவந்த கல்லு."

"அந்தக் கல்லுல இடிச்சவனோட அடையாளம் இருக்கா?"

என் கேள்வி! அப்படியே என் கேள்வி! தோள் துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டப்பாவைப் பானட்டில் வைத்தாள். "அதான் சார் பெரிய சண்டையே. இடி அவ்வளவு பலம், ரெண்டும் உருகி ஆவியாகிக் கலந்துடுச்சு, பிரிச்சே பார்க்க முடியாதுன்னு சிலர் சொல்றாங்க. ரெண்டும் முதல்லருந்தே ஒரே மாதிரி மண்ணுன்னு சிலர். இடிச்சதோட மிச்சம் பூமிக்குள்ளேயே ஆழத்துல கிடக்குதுன்னு சிலர். எது சரின்னு யாருக்கும் இன்னும் உறுதியாத் தெரியாது."

"தெரியாதுன்னு கோர்ட்ல சொன்னா ஒத்துக்குவாங்களா?"

"தெரியாததைத் தெரியும்னு சொன்னாத்தானே சார் பொய்சாட்சி?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "வெள்ளிக்கிழமைக்கு ஒத்தி வைக்கிறேன். அதுக்குள்ள என் வண்டியில ஒரு நட்சத்திரம்கூட இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அங்கேயே நின்றாள். தான் பேசியதைத் தானே நம்பாதவள் மாதிரி. பிறகு என்னிடம், "சாப்பாடு ஆறிடும்" என்றாள். நாலு நாளில் முதல் பேச்சு. துண்டை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

நாள் முழுக்கப் பட்டி சுரண்டினோம். காய்ந்த பட்டி கல் மாதிரி. நிலா உருவாக எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, எடுக்க ஒன்பது மணி நேரம்.

பெயிண்ட் கேள்விக்குப் பதில் எப்படித் தெரிந்தது என்று அவளிடம் கேட்டேன். மூன்று நாளாகப் பள்ளி நூலகத்தில் தேடினாளாம். "பரீட்சைக்காக இல்ல. உங்க வாயை அடைக்க."

தாள் மறுபடி ஃபிரிட்ஜில். எட்டு மடிப்போடு.

மார்ச் 15, சனி

சோபா. புதுச் சட்டம் போட்டிருக்கிறாள்: கேள்வி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் பதிலை முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் சிரித்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும். நான் இரண்டு தடவை கழுவினேன். மச்சான் ஒரு தடவை, முட்டி வலியோடு.

மச்சானுடைய பிரேக் கேள்வி புத்தகத்திலேயே இருக்கிறதாம். "பெரிய பெரிய ஆளுங்க இதைத்தான் கேட்டிருக்காங்க அண்ணா" என்று அவள் காட்டினாள். அதிலிருந்து மனிதர் செய்தி வாசிக்கிறவரைக்கூட மதிப்பதில்லை.

மார்ச் 17, திங்கள்

தேர்வு நடக்கும் கட்டடம். நீளமான வராந்தா, ஒரு பெஞ்சு. ஆளுக்குப் பத்து நிமிஷமாம். பத்து இருபதுக்கு உள்ளே போனாள். போகுமுன் புடவைத் தலைப்பை மூன்று தடவை சரிசெய்தாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா — வேண்டாம். "போயிட்டு வா" என்றேன். அவ்வளவுதான்.

கதவு சாத்தியாகிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. பத்து முப்பது. இல்லை. பேசலையா? நிக்கறாளா சும்மா? ஏன் யாரும் வெளிய வரல? பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த பெண்மணி, "உங்களுக்கா பரீட்சை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பத்து ஐம்பதுக்குக் கதவு திறந்தது. முகம் சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"போதும்னு சொல்லிட்டாங்க."

அவள் பையை வாங்கிக்கொண்டேன். "போதும்னா... பரவால்ல விடு, குடுவை..."

"நேரம் முடிஞ்சு இருபது நிமிஷம் ஆச்சு, வெளியில ஆறு பேர் காத்திருக்காங்க, போதும்மான்னு சொன்னாங்க."

படியிறங்கும்போது மெல்லக் கேட்டேன், "மூணு பேர்ல யாராவது நானா இருந்தேனா?"

"ஒருத்தர் கொஞ்சம் உங்க ஜாடை. அவரைத்தான் முதல்ல மடக்கினேன்."

ஏப்ரல் 22, செவ்வாய்

பாஸ். மச்சான் முட்டியை மறந்து தெருமுனை வரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வர ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 14, சனி

ஆய்வகத்தில் வகுப்பு எடுக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. குடுவையை இன்னும் அவளேதான் கழுவுகிறாள், வேறு யார் கழுவினாலும் பிடிக்கவில்லையாம். ஆனால் பேச்சு! காலையில் பல் தேய்க்கும்போதே கடல் ஏன் பொங்குகிறது, எரிமலைக்குள் என்ன இருக்கிறது என்று தொடங்கிவிடுகிறாள். நானும் மச்சானும் "ம்" போடுகிறோம்.

மத்தியானம் பட்டறைக்கு வந்தாள். வக்கீலும் இருந்தார், இப்போதெல்லாம் ஒடுக்கு இல்லாமலே வருகிறார். நிலா வருஷத்துக்கு இரண்டு விரல் அகலம் பூமியை விட்டுத் தள்ளிப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அளந்தே பார்த்திருக்கிறார்களாம்.

"ஏன் அண்ணி தள்ளிப் போகுது?" என்றான் பெயிண்டர்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நானூத்தைம்பது கோடி வருஷமா இவர் மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே இருந்தா, தள்ளிப் போகாம என்ன பண்ணும்? அதுவும் பாவம், மரியாதைக்கு மெதுவாப் போகுது."

வக்கீல் ஸ்டூலிலிருந்து விழுந்தார். நிஜமாகவே விழுந்தார். பெயிண்டருக்குக் கையில் இருந்த பிரஷ் கீழே போய்விட்டது. அவள், "சரி, நிலா இழுத்துக் கடல் பொங்கறதுதான் உண்மையான காரணம், அதை இப்ப சொல்றேன்" என்று நிதானமாகப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

இதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கை கழுவும்போது யோசித்தேன். இதோ, எழுதும்போதும் யோசிக்கிறேன். மணி ஆறரை. இன்னும் ஒன்றும் வரவில்லை.