பகடை உருட்டித் தப்ப ஏலாது

5 பெப்ரவரி 2006
புருசெத் பகுதியில், நண்பன் வின்சென்ற் வீட்டில் விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலு பேர், ஆளுக்கொரு பாத்திரம், பகடை, கற்பனைக் காடு. என் பாத்திரம் பூசாரி. காயப்பட்டவர்களைக் குணப்படுத்துவது அவள் தொழில். அதை விட்டுக் களவுத் தொழிலுக்கு மாற வேண்டுமென்று கேட்டேன். விளையாட்டுப் புத்தகத்தின் விதிப்படி அதற்குப் புள்ளி வெட்டு விழும். கதையை நடத்தும் வின்சென்ற்றுக்கு அந்த விதி பிடிக்காது. எங்கள் மேசைக்கு அவன் வைத்த சட்டம் வேறு: வைத்தியம் பழக்கிய பழைய குருவின் முகத்தைப் பார்த்து, போகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும்.

"பகடை உருட்டித் தப்ப ஏலாது," என்றான்.

கூட விளையாடும் அபிலாஷ் பாய்ந்தான். "நீ மாறினா எங்களுக்கு ஆர் மருந்து கட்டுறது?"

அடுத்த கிழமை பார்ப்போம் என்று மழுப்பிவிட்டேன்.

9 பெப்ரவரி
இன்றும் புத்தகப் பையோடு வெளிக்கிட்டேன். அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணி தந்தார். மருத்துவப் படிப்பை டிசம்பரில், நத்தாருக்கு முன்பே விட்டுவிட்டு, நகரத்தில் ஒரு பேக்கரியில் மாப் பிசைகிறேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மா பிடித்திருக்கிறது. பிணவறை பிடிக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

10 பெப்ரவரி
அப்பாவுக்குத் தெரிந்த சிறிதேவி அன்ரி பேக்கரிக்குள் வந்தார். நான் மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். ஒரு பாண் வாங்கி, அதைத் துண்டு போடச் சொல்லி, பிறகு கேக்கை எல்லாம் விலை கேட்டு — போகவே இல்லை. கண்டிருப்பாவோ? கண்டிருந்தா அப்பாட்டைச் சொல்லாம இருப்பாவோ? எழுத ஏலாம கிடக்கு.

12 பெப்ரவரி
எப்போதும் நோர்வேஜிய மொழியில்தான் விளையாடுவோம். இன்று வின்சென்ற் என் குருவாகப் பேச வேண்டும். வயதான ஆளின் குரல் அவனுக்கு அந்த மொழியில் வரவில்லை போலும். தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் தொடங்கினான்.

"என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு?"

அது அவன் குரலே இல்லை. எங்கள் எல்லாருடைய அப்பாமாரின் குரல்.

நான் பகடைக்குக் கை நீட்டினேன். அவன் விடவில்லை. "உன்னை நம்பியெல்லோ இருக்கிறம்."

"எனக்கு ஏலாதப்பா," என்றேன். அப்பா என்றா சொன்னேன்? ஓம். "நான் இப்ப படிக்கப் போறேல்லை. நத்தாருக்கு முன்னமே விட்டுட்டன்."

வின்சென்ற்றின் அக்கா நோரா என் தோளைத் தொட்டாள். அவன் வெளிறிப்போனான். "நான் விளையாட்டுக்கெல்லோ கேட்டனான்," என்றான்.

ஒருமுறை சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னொருமுறை சொல்ல முடியுமா? நினைக்கவே குளிர்கிறது.

13 பெப்ரவரி
சொன்னேன்.

14 பெப்ரவரி
அப்பா கத்தவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை நகர்த்திவிட்டு எழும்பிப் போனார். கத்தியிருக்கலாம். இந்த அமைதிதான் கூடப் பயமாக இருக்கிறது. அம்மா மட்டும், "சனத்துக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

26 பெப்ரவரி
அப்பா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கோயிலுக்குப் போக மூவரும் ஒரே ரயில். நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். இடையில் சண்முகலிங்கம் மாமா ஏறினார். வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் அப்பாவோடு மீன் வெட்டியவர். என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்கட டொக்டர் மகளெல்லோ இது?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த அர்ச்சனைப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னை வந்து இருக்கும்படி கையைக் காட்டினார்.

"மகள்," என்றார்.