மல்லாட்டை மாவில் ஒரு கிறிஸ்துமஸ் கேக்

திண்டிவனம்,
25 டிசம்பர் 2025, வியாழக்கிழமை, மாலை 6.40 மணி.

கடிதம் எண் 2. பொருள்: உன் மனைவி இன்று கேக் உண்டது.

அன்பு நண்பா,

விழுப்புரத்தில் உன் வீட்டிலிருந்து சற்றுமுன் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்தேன். வறுத்த மல்லாட்டையும் பட்டையும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. கழுவுமுன் உனக்கு எழுதுகிறேன்.

25 டிசம்பர் 2021, சனிக்கிழமை. வெள்ளைச் சர்க்கரைதான் தீங்கு, கேப்பை மாவும் கருப்பட்டியும் போட்டால் சர்க்கரை ஏறாது என்று உனக்கு உறுதியளித்தவன் நான். எதையும் அளக்காமல் சொல்லாதவன், அன்று அளக்காமல் சொன்னேன். அந்தக் கேக்கில் நீ மூன்று துண்டு தின்றாய். மாலையில் கருவி 312 காட்டியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "கேக்கு நல்லாத்தாண்டா இருந்துச்சி. மெஷினுக்குத்தான் புடிக்கல."

அதன்பிறகு நீ கேக்கைத் தொடவில்லை. உன் மனைவிக்கும் சர்க்கரை வந்தது. சென்ற ஆண்டு, நீ கண்மூடிய பிறகு வந்த கிறிஸ்துமஸில், வந்தவர்களுக்கெல்லாம் கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டுத் தன் விரலில் ஒட்டியதைக்கூடத் துடைத்துக்கொண்டார். அன்றே தீர்மானித்தேன்: அடுத்த ஆண்டு அவர் உண்பார்.

ஐந்து முறை சுட்டேன். மல்லாட்டையை அதிகம் அரைத்ததில் எண்ணெய் விட்டு உருண்டையானது. வேர்க்கடலைத் தோலை நீக்காமல் அரைத்தது கசந்தது. ஐந்தாவது, முட்டையும் வெண்ணெயும், சர்க்கரைக்குப் பதில் சீனித்துளசிப் பொடியும் சேர்த்தது, மிருதுவாக வந்தது. முதலில் நானே தின்று, முன்னும் பின்னும் விரலைக் குத்திப் பார்த்தேன். என் சர்க்கரை அவருக்கு அத்தாட்சியாகாது என்பதால், இன்று அவரையும் அளக்கச் சொன்னேன்.

காலை 10.05க்கு 126. ஒரு துண்டு உண்டார். நான் கடிகாரத்தையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, ரெண்டு மணி நேரமா அதயே பாத்துக்கினு இருக்கீங்க. பரீச்ச எனக்கா, ஒங்களுக்கா?"

12.05க்கு 143. அவர் எண்ணைப் படித்தார், கத்தியை எடுத்தார். "பொங்கலுக்கும் சுட்டுக்கினு வாங்க. பட்ட மட்டும் கொஞ்சம் கொறைங்க" என்றார்.

பட்டையைக் குறைப்பேன். அளக்காமல் இனி எவருக்கும் உறுதியளிக்க மாட்டேன்.

இணைப்பு:
1. செய்முறைத் தாள், அடித்தல் திருத்தங்களுடன்.
2. இன்றைய இரு அளவுகள், நேரத்துடன்.
3. ஒரு துண்டு கேக், அவர் வெட்டித் தந்தது. உனக்கு இனி விரலைக் குத்த வேண்டியதில்லை என்று பெரிதாகவே வெட்டினார்.