ஈஸ்டர் முடிந்து வந்த பதினான்கு பெட்டிகள்

விவேக் நகர், பெங்களூரு
ஏப்ரல் 20

அன்பு மகள் ஐரினுக்கு டாடி எழுதுவது. குழந்தை இயேசுவின் தயவில் நானும் மம்மியும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் டொராண்டோக் குளிரில் சுகமாக இருக்க வியாழன்தோறும் வேண்டிக்கொள்கிறோம். மம்மிக்கு முட்டிவலி தேவலை. மாடிவீட்டு சுனிதாவுக்குக் கல்யாண நாள் குறித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன், போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

தவக்காலம் முழுக்க ஆன்லைனில் எதுவும் வாங்கமாட்டேன் என்று நீ சொன்னதை மம்மி, நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள், எல்லோரும் கை தட்டினார்கள். போன ஞாயிறு அதே கூட்டம் நம் வீட்டில் நடக்கும்போது நீ வீடியோவில் வந்து, ஹாலில் அடுக்கிய பதினான்கு பெட்டிகளைக் காட்டுகிறாய்! கேட்டால், நாப்பது நாளும் ஒண்ணும் வாங்கல டாடி, ஷாப்பிங் கார்ட்லதான் போட்டு வெச்சேன், ஈஸ்டர் அன்னிக்குதான் ஆர்டர் பண்ணேன் என்று சிரிக்கிறாய். இதற்குப் பெயர் ஒறுத்தலா? யாரை ஏமாற்றுகிறாய், ஆண்டவரையா? சோதனையில் விழாமல் காப்பாற்றும் என்று தினமும் செபத்தில் கேட்டுவிட்டு, அந்தச் சோதனையையே ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறாய். அன்று கை தட்டிய முத்தம்மா அக்கா பாதி காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார், மம்மிக்கு முகம் செத்துவிட்டது.

கோபத்தோடு எனக்குப் பயமாகவும் இருக்கிறது, நீ என் ரத்தம். முன்பெல்லாம் நானும் ஒவ்வொரு தவக்காலத்திலும் குடிக்கமாட்டேன், ஆனால் ஈஸ்டருக்கென்று ஒரு பாட்டிலைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருப்பேன். நாற்பது நாளும் மனசு பீரோவிலேயே கிடக்கும். உனக்குப் பத்து வயதானபோதுதான் அடியோடு விட்டேன். இன்றைக்கும் மார்க்கெட்டிலிருந்து பார் இருக்கும் தெரு வழியாக வருவதில்லை, சுற்றித்தான் நடக்கிறேன். இத்தனை வருஷமாகியும் என்னை நான் நம்புவதில்லை. நீயும் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடு, கார்டு நம்பரை அழி, ஆசைப்பட்டதைத் தாளில் எழுதி வைத்து, செபம் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பார், பாதி உனக்கே வேண்டாம் என்றிருக்கும். பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி அனுப்பு, பிரித்ததில் ஒன்றையாவது இல்லாதவர்களுக்குக் கொடு, பாதி அவர் கேட்டது என்று மாப்பிள்ளைமேல் பழி போடாதே.

உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தக் கடைசி பாட்டிலை நான் சிங்க்கில் கொட்டியபோது, வாசனை போகும்வரை குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவள் நீதான். இனிமே வாங்கி வெக்கமாட்டீங்கதானே டாடி என்று கேட்டாய். இப்போது நான் உன்னைக் கேட்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும் உன் டாடி,
ஓஸ்வால்ட்